பியூஸ் இல்லாமல் அனுப்பிய கார்

இதை எழுத வேண்டும் என்று கொப்பியும் பேனையும் எடுத்து வைத்து, இரண்டு வரி எழுதி, கிழித்து எறிந்தது எத்தனை தரம் என்று எனக்கே தெரியாது. மூன்று பொங்கல் கழிந்துவிட்டது. சாமி விளக்குக்கு முன்னால் இருந்து எழுதிப் பார்த்தேன். அங்கே கை இன்னும் கூசியது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுத்து எனக்கு வராது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு தள்ளிப்போட்டேன். உண்மை அது இல்லை. எழுதினால் என் பெயர் கெடும் என்ற பயம்தான். இப்போது கடையை மூடிவிட்டேன். கண்ணும் மங்கிவிட்டது. காருக்குப் பாட்டுப் பெட்டி பூட்டுகிற வேலையில் புதிதாக இறங்கியிருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே, இது உங்களுக்கு.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் என் கடை. ஒரு கார் நிற்க இடம், ஒரு மேசை, மேசைக்கு மேலே முருகன் படம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே வேலை செய்தேன். அடிச்சத்தத்தை அதிர வைக்கிற சப்வூஃபர் பெட்டியை எப்படிப் பூட்டுவது, எந்த வயரை எந்த ஆணியில் மாட்டுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதற்கு உங்கள் போனில் ஆயிரம் வீடியோ இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இது விளங்காவிட்டால் மற்றது விளங்காது.

சப்வூஃபருக்குப் பற்றரியிலிருந்து நேரே ஒரு தடித்த வயர் இழுக்கிறோம். அது காரின் முன் மூடிக்கு, அதாவது பொனற்றுக்கு, உள்ளிருந்து கிளம்பி, கம்பளத்துக்கு அடியால், சீற்றுகளின் ஓரத்தால், டிக்கியில் இருக்கும், சத்தத்தைப் பெருக்குகிற அம்ப் வரை போகும். அதாவது ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அடியால் போகும். சாவியைக் கழற்றினாலும் அந்த வயரில் கரண்ட் நிற்காது. எங்காவது அதன் தோல் உரிந்து காரின் தகரத்தில் தொட்டால், பற்றரியில் உள்ள முழு வேகமும் அந்த ஒரு இடத்தில் இறங்கும். அதற்காகத்தான் பற்றரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள், பியூஸ் வைக்கிறோம். அம்பைக் காப்பாற்றத்தான் பியூஸ் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. வயருக்கு மேலே இருக்கிறவர்களைக் காப்பாற்றத்தான்.

இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

பெற்றோல் வரிசை நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடைகளில் சாமான் இல்லை, பின்னேரம் கரண்ட் இல்லை, வீதியில் வாகனம் இல்லை. அப்படியான ஒரு வெள்ளிக்கிழமை மதியம் குகன் என்பவர் காரைக் கொண்டுவந்தார். வெள்ளவத்தையில் ஃப்ளாட்டில் இருப்பவர், கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை. அவருடைய தம்பிக்கு யாழ்ப்பாணத்தில் திங்கட்கிழமை கல்யாணம். சனிக்கிழமை விடிய மனைவி சாந்தியையும் மூன்று வயது மகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட வேண்டும். புது சப்வூஃபரும் அம்பும் பெட்டியோடு காரில் இருந்தன.

"அண்ணை, தம்பியைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போறது இந்தக் கார்தான். மேளக்காரர் வராட்டியும் பரவாயில்லை, பெட்டி அதிரவேணும்."

"பாவம் உங்கடை தம்பி. தாலி கட்டேக்கை காது கேக்காமல் நிக்கப்போறார்."

"கேட்டு என்ன செய்யப்போறார் அண்ணை? இனி அவருக்குத் தலையாட்டுற வேலைதானே!"

சிரித்துக்கொண்டேதான் வேலையைத் தொடங்கினேன். ஐந்து மணிக்குக் கரண்ட் வெட்டு. அதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற அவசரம். வயரை ஓரத்தில் இறுக்கிப் பிடிக்கிற கிளிப் இரண்டு உடைந்திருந்தன. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகக் கொடுக்க வேண்டிய பற்றரி இணைப்பை முதலே கொடுத்தேன். டிக்கிக்குள் குனிந்து அம்பின் ஆணியை இறுக்கும்போது ஸ்குரூ டிரைவரின் தண்டு பக்கத்துத் தகரத்தில் தொட்டது. படார் என்று ஒரு சத்தம், நீலப் பொறி. பியூஸ் போய்விட்டது.

அது போக வேண்டிய நேரத்தில்தான் போனது.

மேசை லாச்சியைக் கவிழ்த்துத் தேடினேன். அந்தப் பெரிய பியூஸ் ஒன்றுகூட இல்லை. கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த கடைக்காரனுக்குப் போன் அடித்தேன். "நே அய்யே, ஸ்டொக் நே" என்று சிங்களத்தில் சொன்னான், இருப்பு இல்லையாம். அடுத்த கிழமை வந்தால் வரலாம். அக்கம்பக்கத்துக் கடைகளிலும் அதே பதில்.

குகன் வாசலில் நின்று நேரத்தைப் பார்த்தார். "என்ன அண்ணை, சிக்கலோ?"

"சின்னச் சாமான் ஒண்டு குறையுது."

"பாட்டு இல்லாமல் மட்டும் அனுப்பிப் போடாதேங்கோ. தம்பிக்குச் சொல்லி வைச்சிட்டன். மானம் போகும்."

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது சின்ன வேலை. பற்றரியில் இருந்து அந்த வயரைக் கழற்றி, நுனியை மூடிக் கட்டி, "தம்பி, இந்தப் பயணம் பாட்டில்லாமல் போங்கோ, வந்த பிறகு முடிச்சுத் தாறன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகம் சுருங்கியிருக்கும். அவ்வளவுதான். முப்பது வருடத்தில் ஒரு காரையும் வேலை முடியாமல் திருப்பி அனுப்பாதவன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது. அது விடவில்லை.

பியூஸ் போனால் நம்மூரில் எல்லோரும் செய்கிற வேலை ஒன்று இருக்கிறதே, சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றுவது, அல்லது வயருக்குள்ளிருந்து செப்பு இழைகளை உருவி முறுக்கி வைப்பது. வீட்டுக்கும் செய்கிறார்கள், த்ரீவீலுக்கும் செய்கிறார்கள். நானும் ஒரு கற்றை இழையை உருவி முறுக்கி, பியூஸ் கூட்டுக்குள் வைத்து, மூடியைத் திருகினேன். அதற்கு மேலே வயருக்கு ஒட்டுகிற கறுப்பு ரேப் சுற்றினேன். ஏன் சுற்றினேன் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூடு கண்ணாடி போல இருக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும். தெரியக் கூடாது என்று சுற்றினேன்.

பெட்டி நன்றாக வேலை செய்தது. கதவுக் கண்ணாடிகள் அதிர்ந்தன. குகன் கைதட்டினார்.

எந்தக் காரையும் கற்பூரம் காட்டாமல் நான் அனுப்புவதில்லை. அன்றைக்கும் முருகன் படத்துக்குக் காட்டி, பிறகு கார் பொனற்றுக்குக் காட்டி, மனதுக்குள் சொன்னேன்: அப்பனே, யாழ்ப்பாணம் போய் வரும் மட்டும் நீ பார்த்துக்கொள். நான் பக்தி இல்லாதவன் இல்லை. ஆனால் அன்றைக்கு நான் செய்தது பக்தி இல்லை. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் வைத்தேன்.

குகன் திருநீறு பூசிக்கொண்டு கேட்டார். "எல்லாம் சரியோ அண்ணை?"

"ஓம், சரி. கலியாணம் முடிஞ்சு வந்தோடனை ஒருக்கால் கொண்டு வாங்கோ, சும்மா ஒரு பார்வை பாப்பம்."

இரவு எனக்கு நித்திரை வந்தது. அதையும் எழுத வேண்டும். நன்றாகவே நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை காலை நானும் மனைவியும் எங்கள் பகுதி அம்மன் கோயிலுக்குப் போனோம். ஏழரை மணி இருக்கும். பூசை நடந்துகொண்டிருந்தது. மனைவி என் பக்கம் சரிந்து மெல்லச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, நேற்று அந்தத் தம்பிக்கு எங்கடை தேங்காயெண்ணைக் கேன் ரெண்டையும் குடுத்திட்டன். நல்ல கேன். திருப்பித் தருவாரோ தெரியாது."

"கேன் என்னத்துக்கு அவருக்கு?"

"திரும்பி வாறதுக்குப் பெற்றோல் கொண்டு போறாராம். அங்கை கிடைக்குமோ கிடையாதோ எண்டு பயம். வரிசையில நிண்டு அடிச்சுப்போட்டு, குழாயால உறிஞ்சிக் கேனில எடுத்து வைக்கப்போறாராம். டிக்கியில பாட்டுப் பெட்டிக்கும் சீற்றுக்கும் நடுவில வைச்சால் அசையாது எண்டு சொன்னவர்."

ஐயர் தீபத் தட்டோடு எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். தட்டில் கற்பூரம் எரிந்தது. என் கை நெருப்புக்கு மேலே போகவில்லை. நான் திரும்பி வெளியே நடந்தேன். மனைவி பின்னால் ஓடிவந்தாள்.

"தீபத்தை விட்டிட்டு எங்கை போறியள்?"

தேர் நிறுத்துகிற தேர்முட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். பியூஸ் போடவில்லை, கம்பி வைத்து மூடியிருக்கிறேன், அந்த வயர் போய் முடிகிற இடத்தில்தான் பெற்றோல் இருக்கிறது. ஒரு பொறி போதும்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஏன் செய்தீர்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க நேரம் இல்லை என்று அவளுக்கு விளங்கியிருந்தது. நான் கோபுரத்தைப் பார்த்துக் கையைக் குவித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

"அம்மன் இஞ்சதான் நிப்பா. கார் நிக்காது. போனை எடுங்கோ."

அடித்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் தரம், நான்காம் தரம். விடிய ஐந்துக்குப் புறப்பட்டிருந்தால் இப்போது சிலாபம் தாண்டியிருப்பார்கள். துரத்திப் பிடிக்க என்னிடம் வாகனமும் இல்லை, பெற்றோலும் இல்லை.

"பொலிசுக்குச் சொல்லுவம்" என்றாள் மனைவி.

நான் தயங்கினேன். அந்த நாட்களில் கேனில் பெற்றோல் கொண்டுபோவது பிடிபட்டால் சும்மா விடமாட்டார்கள். கேனைப் பறித்து, மனுசனை மறித்து வைத்தால் கல்யாணத்துக்குப் போய்ச் சேர முடியாது. என் பிழைக்கு அவர் பொலிசில் நிற்பதா? தம்பிமாரே, நெருக்கடியில் இப்படித்தான் ஒவ்வொரு நியாயமாக வரும். எல்லாம் நல்ல நியாயம் போலவே இருக்கும். கூர்ந்து பார்த்தால் அநேகமானவை நம் முகத்தைக் காப்பாற்றுகிற நியாயம். நான் மனைவியிடம் சொன்னேன், இன்னும் இரண்டு தரம் அடிப்பேன், எடுக்காவிட்டால் நீ பொலிசுக்கு அடி. அவள் தன் போனில் இலக்கத்தை அழுத்தி, விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் தரம் எடுத்தது சாந்தி. பின்னால் பாட்டு இடித்தது.

"ஹலோ, அண்ணையோ? இவரின்ர போன் என்ர பைக்குள்ள கிடந்தது, பாட்டுச் சத்தத்தில கேக்கேல்லை. உங்கடை பெட்டி நெஞ்சை இடிக்குது!"

"தங்கச்சி, பாட்டை நிப்பாட்டச் சொல்லுங்கோ. எங்கை நிக்கிறியள்?"

"முந்தலுக்குக் கிட்ட வந்திட்டம். ஏன் அண்ணை?"

"காருக்குள்ள ஏதாவது மணக்குதோ?"

பாட்டு நின்றது. அவளுடைய குரல் மாறியது. "ஓம். கொஞ்ச நேரமா ரப்பர் எரியிற மாதிரி. இவர் புதுச் சாமான் மணம் எண்டுறார். எனக்குக் காலடியும் சுடுது. சிலாபத்தில பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்க என்ர சீற்றைப் பின்னுக்குத் தள்ளினனான். அதுக்குப் பிறகுதான்."

எனக்கு உடனே விளங்கியது. கிளிப் போடாமல் விட்ட வயர் உள்ளே நழுவியிருக்கிறது. சீற்று ஓடுகிற இரும்புத் தடம் அதை நசுக்கிக்கொண்டிருக்கிறது. பியூஸ் இருந்திருந்தால் சிலாபத்திலேயே போய், பாட்டு நின்று, குகன் என்னைத் திட்டியிருப்பார்.

"காரைக் கரைக்கு எடுத்து நிப்பாட்டச் சொல்லுங்கோ. இப்பவே."

குகன் பேசினார். "என்ன அண்ணை, காலங்காத்தாலை பயப்பிடுத்துறியள்? புத்தளம் கிட்டத்தான். அங்கை போய் ஆரும் மெக்கானிக்கிட்டைக் காட்டுறன்."

"வேண்டாம் தம்பி. நிப்பாட்டுங்கோ."

"நேற்று நீங்கள்தானே எல்லாம் சரி எண்டனீங்கள்?"

கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்தவர்கள், என் கடைக்கு வருகிறவர்கள், கும்பிட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நல்லதாக ஒரு காரணம் சொல்லலாம், இன்னொரு பொய். ஆனால் அரைகுறைக் காரணத்துக்கு அவர் நிற்க மாட்டார். புத்தளம் போய்ப் பார்க்கலாம் என்பார்.

"சரி இல்லைத் தம்பி! பியூஸ் போடேல்லை. கம்பி முறுக்கி வைச்சிருக்கிறன். உங்களுக்குப் பொய் சொன்னனான். பிள்ளை இருக்கிற காரில நெருப்புப் பிடிக்கப்போகுது. நிப்பாட்டுங்கோ!"

கத்தித்தான் சொன்னேன். வாசலில் செருப்புப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனில் பிறேக் கிரீச்சிட்டது. கதவு திறக்கிற சத்தம். பிள்ளை நித்திரையிலிருந்து எழும்பி அழுதது.

"சாந்தி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு றோட்டைக் கடந்து அங்காலை போ!" என்று குகன் சொல்வது கேட்டது. பிறகு என்னிடம், "சாவி எடுத்திட்டன் அண்ணை. எல்லாம் நிண்டிட்டுதுதானே?"

"இல்லை. அந்த வயர் சாவிக்குக் கட்டுப்படாது. நீங்களும் தள்ளிப் போங்கோ."

"புகை வருது!" என்று தூரத்தில் சாந்தி கத்தினாள். "முன் சீற்றுக்குக் கீழை புகை!"

"அண்ணை, நான் டிக்கியைத் திறக்கிறன்."

"டிக்கியைத் தொடாதேங்கோ!"

"கூறைச் சீலையும் தாலிக்கொடியும் அதுக்குள்ளதான் கிடக்கு! பொன்னுருக்கிச் செய்தது அண்ணை. திங்கக்கிழமை தம்பி எதைக் கட்டுறது?"

"பொன்னை இன்னொருக்கால் உருக்கலாம். நீங்கள் போனால் உங்கடை பிள்ளைக்கு ஆர்? விட்டிட்டுத் தள்ளி நில்லுங்கோ. எரிஞ்சால் எரியட்டும்."

சாமான் நெருக்கி அடைத்த டிக்கிக்குள், வெயில் ஏறின காலையில், இரண்டு கேன் பெற்றோல். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஆவி கசியும். பக்கத்தில் கரண்ட் ஏறி நிற்கிற அம்ப். அவசரத்தில் சூட்கேசை இழுத்தால் வயர் அசையும், ஆணியில் ஒரு பொறி வரும். வெளியிலிருந்து பார்த்தால் டிக்கியில் புகையே இல்லை. புகை முன்னால். ஆனால் ஆபத்து பின்னால் இருந்தது.

"அண்ணை, நீங்கள் வழி சொல்லாட்டி நான் டிக்கியைத் திறக்கத்தான் போறன். அம்மா முகத்தில எப்பிடி முழிக்கிறது? எதைக் கழட்டவேணும், சொல்லுங்கோ!"

என் வேலைக்காலத்தில் இதைவிடக் கடினமான நேரம் எனக்கு வந்ததில்லை. வழி இருந்தது. பியூஸ் கூடு பொனற்றுக்குள்ளே, பெற்றோலிலிருந்து கார் நீளத் தூரத்தில். அதைப் பிரித்தால் வயர் செத்துவிடும். ஆனால் நான் வைத்த நெருப்புக்கிட்டே திரும்பிப் போ என்று ஒரு பிள்ளையின் தகப்பனுக்குச் சொல்வதா? சொல்லாவிட்டால் டிக்கியைத் திறப்பார். அவரை நிறுத்த என்னிடம் குரலைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டிலும் ஆபத்துக் குறைந்ததைச் சொன்னேன். சரியோ பிழையோ என்று இன்றைக்கும் சில நாள் யோசிக்கிறேன்.

"டிக்கியைத் திறக்கிறேல்லை எண்டு பிள்ளை மேலை சத்தியம் பண்ணுங்கோ. பண்ணினால் சொல்லுறன்."

"சத்தியம். சொல்லுங்கோ!"

"போனைத் தோளில இடுக்கிக்கொண்டு, காய்ஞ்ச துவாய்த் துண்டு ஒண்டை எடுங்கோ. ஈரம் வேண்டாம். பொனற்றைத் திறவுங்கோ. பற்றரிக்குப் பக்கத்தில கறுப்பு ரேப் சுத்தின கூடு, சின்ன விரல் தடிப்பு. கண்டிட்டியளோ?"

"ஓம். அதுவும் புகையுது. கரண்ட் அடிக்குமோ?"

"அடிக்காது. சுடும். துவாயால பிடிச்சு, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு, மூடியைத் திருகிக் கழட்டுங்கோ. ஒரு பொறி வரும். பயந்து கையை எடுக்காதேங்கோ."

மூச்சு வாங்குகிற சத்தம். ஒரு முனகல்.

"திரும்புதில்லை அண்ணை! ரேப் உருகி ஒட்டிப்போய்க் கிடக்கு. மூடி அசையுதில்லை!"

நான் மறைக்கச் சுற்றிய ரேப்.

"திருகவேண்டாம், விடுங்கோ! கூட்டை ஒரு கையால பிடிச்சு, பற்றரியிலிருந்து வாற வயரை மற்றக் கையால இழுங்கோ. பலமா இழுங்கோ! அந்த ஆணி நான் நேற்று அவசரத்திலதான் இறுக்கினனான், வரும்!"

"அம்மா!" என்று ஒரு கத்தல். போன் விழுகிற சத்தம். அதோடு தொடர்பு அறுந்தது.

நான் அடித்தேன். போகவில்லை. திரும்ப அடித்தேன். போகவில்லை. மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழ்நாள் முழுக்கக் காலையும் மாலையும் சாமி பெயர் சொன்ன வாய் எனக்கு. அந்த நேரத்தில் ஒரு பெயரும் வரவில்லை. றோட்டோரத் தென்னைக்குக் கீழே சாந்தி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறதுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அந்தப் பிள்ளையின் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளே பூசை முடிந்து, ஐயர் திருநீறும் குங்குமமும் கொடுத்து, சனம் கலைந்து போனது.

வேறு ஒரு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. சாந்தி.

"கழண்டிட்டுது அண்ணை. புகை நிண்டிட்டுது. இவரின்ர கை பொக்களிச்சுப்போச்சு. போன் விழுந்து உடைஞ்சிட்டுது. இவருக்கு நீங்கள் குடுத்த பில்லில நம்பரைப் பாத்து, றோட்டில போன ஒரு ஐயாவின்ர போனில கதைக்கிறன்."

நான் தேர்முட்டிப் படியில் இருந்துவிட்டேன். பிறகு சொல்ல வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாலு கதவையும் திறந்து, சீற்றுக்குக் கீழே கம்பளத்தில் தணல் இருந்தால் தண்ணி ஊற்றிவிட்டு, அரை மணித்தியாலம் கிட்டப் போகாதேங்கோ. கழற்றின வயர் நுனி காரின் தகரத்தில் தொடாமல் துணியால் கட்டுங்கோ. பிறகு டிக்கியைத் திறந்து, ஒன்றையும் இழுக்காமல், கேனை மட்டும் தூக்கி, அந்தப் பெற்றோலைக் கார் ராங்கியிலேயே ஊற்றுங்கோ. எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவள் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அழவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். திங்கட்கிழமை நல்ல நேரத்தில் தாலி ஏறியது. குகன் இரண்டு கையிலும் பன்டேஜ் கட்டிக்கொண்டு மாப்பிளைக்குப் பக்கத்தில் நின்றாராம். சாந்தி ஒரு படம் எடுத்து அனுப்பியிருந்தாள், கல்யாணப் படம் இல்லை. கம்பளத்தில் உள்ளங்கை அளவு கருகின ஓட்டை, அதற்குள்ளே தோல் உரிந்த வயர், செப்பு வெளியே தெரிந்தபடி.

அடுத்த கிழமை இரண்டு பேரும் பலகாரத்தோடு கடைக்கு வந்தார்கள். அடி வாங்கத் தயாராகத்தான் நின்றேன். குகன் என்னைக் கட்டிப்பிடித்தார். எங்கள் ஒழுங்கையில், வீட்டுக்கு முன்னால் ஓடும் அந்தச் சின்னத் தெருவில், சனம் கூடிவிட்டது.

"இந்த அண்ணை இல்லாட்டி நாங்கள் இண்டைக்கு இல்லை. கோயில்ல நிண்டவருக்கு அம்மன் உணர்த்தியிருக்கிறா. அங்கை நிண்டுகொண்டே, முந்தலில நிண்ட காரின்ர நெருப்பை அணைச்ச மனுசன்!"

பியூஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் நல்ல மனுசன். என் மானத்தைக் காப்பாற்றினார். பக்கத்துக் கடைக்காரர் என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சாந்தி, கழுவித் துடைத்த இரண்டு கேனையும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"இவர் சொல்லுற கதையை நீங்கள் திருத்துவீங்கள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான் அண்ணை."

நான் மேசையில் கிடந்த ஸ்குரூ டிரைவரை எடுத்து லாச்சிக்குள் போட்டேன்.

"நீங்கள் போன் அடிச்சதுக்கு நன்றி இருக்கு. ஆனால் நீங்கள் எங்களைக் காப்பாத்தினது எண்டு என்னாலை சொல்லேலாது. என்ர பிள்ளை அந்தப் பெற்றோலுக்கு முன்னாலை, பின் சீற்றிலதான் நித்திரை கொண்டவள்."

அதற்குப் பிறகு குகன் பலதரம் வந்தார். சாந்தி வரவில்லை.

கதை ஊரெல்லாம் போனது. வெள்ளவத்தையிலிருந்து, முகத்துவாரத்திலிருந்து, கோயிலில் நின்றே காரைக் காப்பாற்றியவர் இவர்தானோ என்று கேட்டுக்கொண்டு வாடிக்கையாளர் வந்தார்கள். நீங்களும் சில பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒருவர் சொன்னபோது அம்மன் என் காதில் பேசினாள், இன்னொருவர் சொன்னபோது கனவில் வந்தாள். நான் ஒருவரையும் மறுக்கவில்லை. அன்றைக்குக் கோயில் வாசலில் என் கத்தலைக் கேட்டவர்களும் என் மானத்துக்காக அதை வெளியே விடவில்லை. பொய்யை முதலில் நான் சொன்னேன், பிறகு ஊர் எனக்காகச் சொன்னது.

வேலையில் மட்டும் சிலதை மாற்றினேன். பியூஸ் இல்லையென்றால் வயர் பற்றரியில் ஏறாது; வந்தவர் எவ்வளவு கோபித்தாலும் அப்படியே காரை எடுத்துக்கொண்டு போகலாம். கூட்டுக்கு ரேப் சுற்றுவதை நிறுத்தினேன். வேலை முடிந்ததும் கார்க்காரரைப் பொனற்றுக்குக் கிட்டக் கூப்பிட்டு, உள்ளே இருக்கிற பியூஸைக் கண்ணால் பார்க்கச் சொல்லுவேன். டிக்கியில் என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்பேன். அதற்குப் பிறகுதான் கற்பூரம். கடவுளிடம் காரைப் பார்த்துக்கொள் என்று கேட்பதை விட்டேன். நான் பார்க்காமல் விட்டது ஏதும் இருந்தால், கார் ஒழுங்கையைத் தாண்டுமுன் எனக்குக் காட்டு என்று கேட்டேன்.

இதை உங்களுக்குப் பிறகு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன், எழுதியிருப்பதை எழுதியபடியே சொல்லுங்கள். அம்மன் உணர்த்தினாள் என்று சேர்க்காதீர்கள். என் மனைவி கேனைப் பற்றிக் கவலைப்பட்டாள், அவ்வளவுதான். அது அம்மன் செயலா என்று எனக்கும் அம்மனுக்கும் இடையில் இருக்கட்டும். நெருப்புக்குக் கிட்டப் போய்க் கை வெந்தவர் குகன், நான் இல்லை. "ஓம், சரி" என்று நான் சொன்னதைக் கழித்துவிடாதீர்கள். என்னை நல்லவனாக்கப் பார்க்கிறவர்கள் முதலில் அதைத்தான் கழிப்பார்கள்.

அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம். அவளுக்கு அன்றைக்கு நடந்த ஒன்றும் ஞாபகம் இருக்காது. என்றைக்காவது யாராவது அவளுக்கு இதைச் சொல்வார்கள். அது நீங்களாக இருந்தால், நடந்தபடியே சொல்லுங்கள்.